துடைக்கிற ரவுண்டு

எங்கள் தெருவுக்குள் புதிதாக எது நுழைந்தாலும், அது கேஸ் வண்டியோ, கரண்ட் ஆபீஸ் ஆளோ, பெண் பார்க்க வந்த கூட்டமோ, முதலில் ஒரு குரல் குறுக்கே வந்து நிற்கும்.

“இன்னாவாம்?”

குரலுக்குப் பின்னால் பெரியம்மா வருவார். முந்தானையை இடுப்பில் செருகியபடி, சோறு பிசைந்த கையோடு, சில நாள் பாதி வாரிய தலையோடுகூட வருவார். வந்தவர் யார், எங்கிருந்து வருகிறார், எதற்கு, இதில் நம் தெருவுக்கு ஏதாவது உண்டா என்பது வரை கேட்டு முடிக்காமல் திரும்ப மாட்டார். தெரு அவருக்கு ‘இன்னாவாம்’ என்றே பெயர் வைத்துவிட்டது. எங்கள் வீட்டுக்கு வழி கேட்டால் “இன்னாவாம் வூட்டுக்கு எதிர்வூடு” என்றுதான் சொல்வார்கள். ரேஷன் கார்டில் அவருக்கு வேறு பெயர் இருந்தது. அதை நான் இங்கே எழுதப்போவதில்லை. எழுதினாலும் எங்கள் ஊரிலேயே பாதிப் பேருக்கு அது யாரென்று தெரியாது.

அவர் என் சொந்தப் பெரியம்மா இல்லை. அம்மா அவரை யக்கா என்று கூப்பிட்டதால் எனக்குப் பெரியம்மா ஆனார். அவ்வளவுதான் உறவு.

எங்கள் ஊர் கரிக்கலாம்பாக்கத்துக்குப் பக்கத்தில். நான் பிறந்தபோது சுற்றிலும் நெல்லும் கரும்பும் இருந்ததாம். எனக்கு நினைவு தெரிந்தபோது பாதி வயலில் கல் நட்டு, கலர்க் கொடி கட்டி, ஏதோ ஒரு ‘நகர்’ என்று வளைவு வைத்திருந்தார்கள். நிலம் பெரிய வூட்டாருடையது. அப்பா அந்த வயலில் கதிர் அறுத்தவர். வயல் மனையானதும் கொத்தனாராகி அதே இடத்தில் சுவர் எழுப்பினார். “அப்ப நெல்லு, இப்ப செங்கல்லு. மொதலாளி மட்டும் மாறல” என்று சொல்லிச் சிரிப்பார். பெரியம்மாவும் நடவுக்குப் போனவர்தான். நடுவதற்கு வயல் இல்லாமல் போனதும், வில்லியனூரில் வண்டி மாறிப் போகிற தூரத்தில் ஒரு தனியார் மருத்துவக் கல்லூரியில் துப்புரவு வேலைக்குச் சேர்ந்தார். காண்ட்ராக்ட் வேலை. புடவைக்கு மேல் நீலக் கோட்டு ஒன்று போட்டுக்கொள்ள வேண்டும். அந்தக் கோட்டோடு பஸ் ஏறும்போது ஏதோ கல்லூரியையே அவர்தான் திறக்கப்போவது போல ஒரு நடை இருக்கும்.

பஸ்ஸில் காலி சீட்டு இருந்தாலும் அதில் உட்கார மாட்டார். ஆள் பார்த்துத்தான் உட்காருவார். கழுத்தில் அடையாள அட்டை தொங்குகிற பெண், மடியில் லேப்டாப் பை வைத்திருக்கிற பையன், டை கட்டிய குழந்தையைக் கூட்டிப் போகிற அம்மா, இவர்கள் பக்கத்தில்தான் அவருக்கு இடம்.

“இன்னா பாப்பா படிக்கிற?”

“ஆப்டோமெட்ரி ஆன்ட்டி.”

“அது படிச்சா இன்னா ஆவலாம்?”

“கண்ணு டெஸ்ட் பண்ணலாம், கண்ணாடிக்கு எழுதிக் குடுக்கலாம்.”

“ஒனக்கு யார் சொன்னா, இப்பிடி ஒரு படிப்பு இருக்குதுன்னு?”

முதல் இரண்டு கேள்வியை எந்த வாயாடியும் கேட்பார். கடைசிக் கேள்வி பெரியம்மாவுக்கே சொந்தம். அதைக் கேட்கும்போது லேசாகத் திரும்பி உட்கார்ந்து எதிராளியின் முகத்தைப் பார்ப்பார். மாமா சொன்னார் என்பார்கள். சித்தப்பா ஃபாரினில் இருக்கிறார், அவர் சொன்னார் என்பார்கள். அப்பாவின் ஃப்ரெண்டு ஒருவர் அந்தக் காலேஜிலேயே வாத்தியார் என்பார்கள். சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் இதையெல்லாம் என் அம்மாவிடம் ஒப்பிப்பார்.

“எல்லாத்துக்கும் ஒரு மாமன் இருக்கான்டி. மாமன் வழி சொல்றான், அதுங்க பாட்டுக்குப் போவுதுங்க.”

“நம்ம புள்ளிங்களுக்குந்தான் மாமன் இருக்கான்” என்பார் அம்மா. என் மாமாவைத்தான் சொல்கிறார்.

“இருக்கான். அவனுக்கே ஒரு எழவும் தெரியாதே!”

என் மாமா நல்லவர். மாடு வாங்க வேண்டுமென்றால் அவரைக் கேட்கலாம்.

பெரியம்மாவின் இன்னொரு கேட்கும் இடம் அந்தக் கல்லூரியின் வராந்தா. அங்கே டாக்டர்களும் ஆபீஸ் ஆட்களும் நின்று பேசுவார்கள். துடைக்கிறவர் பக்கத்தில் இருப்பதை யாரும் கவனிப்பதில்லை. அதைப் பற்றி அவருக்கு வருத்தம் இருந்ததாகத் தெரியவில்லை. வசதியாக எடுத்துக்கொண்டார். “நமக்கு வேண்டிய பேச்சா இருந்தா ஒரே கல்லையே தொடச்சினு இருப்பேன்டி. எங்க ஆசுபத்திரில எந்த டைல்சு ரொம்பப் பளபளன்னு இருக்குதோ, அங்க எதோ நல்ல சேதி பேசியிருக்காங்கன்னு வெச்சிக்க.”

சேதி சரியாக வந்து சேருமா என்றால், அதுதான் தகராறு. காதில் விழுந்தது இங்கிலீஷில் இருக்கும். பஸ்ஸில் வரும்போது அது பெரியம்மாவின் தமிழாக மாறும். தெருவுக்கு வந்து சேரும்போது ஒரு கை ஒரு காலோடுதான் வரும்.

ஒருமுறை திருபுவனைப் பக்கம் ஒரு கம்பெனியில் ‘வாக்-இன் இன்டர்வியூ’ என்று கேட்டுவிட்டு வந்தார். ஐ.டி.ஐ. முடித்துவிட்டுக் கேரம் போர்டோடு காலம் தள்ளிக்கொண்டிருந்த சுரேஷைப் பிடித்தார்.

“டேய், நடந்து வர்ற இன்டர்வியூவாம். நடந்துதான் வரணுமாம். வண்டில போனா உள்ள வுட மாட்டாங்களாம்.”

தெருவே சிரித்தது. சுரேஷும் சிரித்தான். ஆனாலும் எதற்கு வம்பு என்று பைக்கைத் தூரத்தில் ஒரு டீக்கடையில் விட்டுவிட்டு, வெயிலில் நடந்து, சட்டை நனைந்துபோய் உள்ளே நுழைந்திருக்கிறான். வேலை கிடைத்துவிட்டது. இன்றைக்கு அங்கே சூப்பர்வைசர். “வண்டில போயிருந்தா கெடச்சிருக்குமோ இன்னாவோ” என்று இப்போதும் சொல்லுவான். அவன் கிண்டலாகச் சொல்கிறானா, நிஜமாகவே சந்தேகப்படுகிறானா என்று எனக்குத் தெரியவில்லை.

எல்லாமே இப்படி வாய்த்துவிடவில்லை. பாகூரில் ஒரு கல்யாண மண்டபத்தில் தையல் மெஷின் சும்மா கொடுக்கிறார்கள், பழையதைக் கொண்டுபோனால் போதும் என்று ஒருநாள் வந்து சொன்னார். பெண்கள் ஆட்டோ பிடித்து, மெஷின்களைத் தூக்கி வைத்துக்கொண்டு கிளம்பினார்கள். என் அம்மாவும்தான். போய்ப் பார்த்தால் அது எக்ஸ்சேஞ்ச் மேளா. பழையதையும் கொடுத்து, மேலே பணமும் கட்ட வேண்டும். சிலர் மெஷினைத் திருப்பித் தூக்கிக்கொண்டு வந்தார்கள். அம்மா வெட்கப்பட்டுக்கொண்டு தவணையில் வாங்கி வந்துவிட்டார். அப்பா அந்த வாரம் முழுக்க எதிர்வீட்டுப் பக்கம் திரும்பவே இல்லை. பெரியம்மா மட்டும் ஆடாமல் அசையாமல் நின்று, “எக்ஸ்சேஞ்சுன்னா இன்னான்னு இன்னிக்கித் தெரிஞ்சிச்சே, அது போதாதா?” என்றார்.

இந்த மெஷின் சமாசாரத்தை நான் இவ்வளவு விரிவாகச் சொல்லக் காரணம் இருக்கிறது. நான் பன்னிரண்டாவது முடித்த வருஷம் பெரியம்மா ஒரு சேதியோடு ஓடி வந்தபோது, அப்பாவுக்கு முதலில் ஞாபகம் வந்தது அந்தத் தையல் மெஷின்தான்.

அரசுப் பள்ளியில் படித்தேன். மார்க் நன்றாகவே வந்திருந்தது. நர்சிங் படிக்க ஆசை. டீச்சர் ஒருவர் கவுன்சிலிங்குக்குத் தன் போனிலேயே பதிவு செய்து, பாஸ்வேர்டைச் சொல்லி மனப்பாடம் செய்யச் சொன்னார். முதல் லிஸ்ட் வந்தது, என் பெயர் இல்லை. இரண்டாவதும் வந்தது, இல்லை. ‘வெயிட்டிங்’ என்று காட்டியது. வெயிட்டிங் லிஸ்டில் இருக்க வேண்டுமென்றால் முதலில் காத்திருக்க முடிந்திருக்க வேண்டும். எங்கள் வீட்டில் அந்தச் சொல்லுக்கு முடிந்தது என்று அர்த்தம். டீச்சரும் மாற்றலாகித் தொலைவில் மாகேவுக்குப் போய்விட்டார். அப்பா ஒரு காண்ட்ராக்டரிடம் பேசி, கம்பெனி வேலைக்குப் பெண்களை ஏற்றிப் போகிற வேனில் எனக்கு ஓர் இடம் பிடித்தார். திங்கட்கிழமை காலையில் வேன் வரும். அம்மா அந்தத் தவணை மெஷினில் எனக்கு இரண்டு சுடிதார் தைத்து முடித்திருந்தார். நான் அழுது முடித்திருந்தேன்.

அதற்கு முந்தைய வெள்ளிக்கிழமை மத்தியானம். மனைப் பிரிவில் ஒரு வீட்டுக்கு அப்பா வெளிப்பூச்சு பூசிக்கொண்டிருந்தார். நான் சாப்பாடு எடுத்துப் போயிருந்தேன். ரோட்டிலிருந்து நீலக் கோட்டு ஒன்று ஓட்டமும் நடையுமாக வருவது தெரிந்தது. வேலை நேரத்தில் பெரியம்மா ஊருக்குள் வந்து நான் பார்த்ததில்லை. புடவையின் கீழ்ப்பக்கம் இன்னும் ஈரமாக இருந்தது.

“யப்பா தம்பி, எறங்குடா கீழ. தொடைக்கிற ரவுண்டாம்!”

அப்பா சாரத்தின் மேல் நின்றபடியே குனிந்து பார்த்தார். “இன்னாத்தத் தொடைக்கிற ரவுண்டு?”

“சீட்டுடா, சீட்டு! மிச்சம் மீதி வுழுந்து கெடக்கற சீட்டெல்லாம் ஒட்டத் தொடச்சி எடுத்துக் குடுப்பாங்களாம். நர்சு படிப்புக்குக்கூட இருக்குதாம். நாளிக்கி சாயங்காலத்தோட சரியாம்.”

“யக்கா, தொடைக்கிறது ஒன் வேல. சீட்டப் போய் யாருனா தொடைப்பாங்களா?”

கலவை போட்டுக்கொண்டிருந்தவர்கள் சிரித்தார்கள். பெரியம்மா அவர்களையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, மூச்சு வாங்க நடந்ததைச் சொன்னார். அட்மிஷன் ஆபீஸ் வாசலில் துடைத்துக்கொண்டிருந்திருக்கிறார். உள்ளே ஒருவர், “மாப்-அப் எப்ப முடியுது?” என்று கேட்க, இன்னொருவர், “மாப்-அப் நாளைக்குத்தான் முடியும்” என்று சொல்லியிருக்கிறார். தன் வேலையைத்தான் குறை சொல்கிறார்கள் என்று நினைத்து இவர் தலையை நீட்டி, “நான் அப்பவே மாப்பு போட்டு முடிச்சிட்டேன் சார்” என்றிருக்கிறார். ஆபீசே விழுந்து விழுந்து சிரித்ததாம். வேறு யாராக இருந்தாலும் முகம் சிவந்து வாளியைத் தூக்கிக்கொண்டு நகர்ந்திருப்பார்கள். பெரியம்மா அவர்களோடு சேர்ந்து சிரித்துவிட்டு, சிரிப்பு அடங்கும்வரை நின்று, “அப்ப இன்னாவாம் சார் அது?” என்று கேட்டிருக்கிறார். ஒருவர் சொல்லியிருக்கிறார். பெரியம்மா அரை நாள் லீவு சொல்லிவிட்டுப் பஸ் ஏறிவிட்டார்.

அப்பா இறங்கி வந்தார். பூச்சுக் கரண்டி கையிலேயே இருந்தது.

“பொண்ணு வேனுக்கு வரும்னு ஆளுகிட்ட சொல்லிட்டன்க்கா. நீ பாட்டுக்குத் தையல் மெஷின் மாதிரி எதுனா சொல்லி, இருக்கறதும் பூடப்போவுது.”

“நான் சொல்றத நம்பாத. தெரிஞ்சவங்களக் கேளு. பெரிய வூட்டுப் பொண்ணு டாக்டருக்குப் போட்டுனு இருக்குதில்ல, அதக் கேளு.”

அப்பாவின் முகம் மாறியது. “அவங்க வூட்ல போயி எப்பிடிக்கா கேக்கறது?”

“எப்பிடிக் கேப்ப? வாயாலதான்!”

அந்த வார்த்தையில் அப்பாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது என்றுதான் நினைக்கிறேன். இல்லாவிட்டால் கிளம்பியிருக்க மாட்டார். கை கால் கழுவினார். சட்டையைத் திருப்பிப் போட்டுக்கொண்டார், சிமெண்ட் கறை உள்பக்கம் போகும்படி. பெரிய வூட்டுக்கு வந்ததும் பழக்கத்தில் பின்பக்கம், மாட்டுக் கொட்டாய் வழியாகத் திரும்பினார். பெரியம்மா முன்கேட்டுக்குப் போய்க் காலிங் பெல்லில் விரலை வைத்து, கதவு திறக்கும்வரை எடுக்கவில்லை.

நிவேதாதான் வந்தாள். பெரிய வூட்டின் ஒரே பெண், என் வயது. டவுனில் படித்தவள். கோயிலில் பார்த்தால் சிரிப்போம், அதற்கு மேல் பேச்சு இருந்ததில்லை.

“பாப்பா, தொடைக்கிற ரவுண்டுன்னு ஒண்ணு இருக்குதாமே. இன்னாவாம் அது?”

நிவேதா விழித்தாள். அப்பா பின்னால் நின்று தரையைப் பார்த்தார். நான் மெதுவாக, “மாப்-அப்னு எதோ காதுல வுழுந்திச்சாம்” என்றேன்.

“ஓ, மாப்-அப் ரவுண்டா! ஆமா, நாளைக்கி க்ளோஸ் ஆகுது. நான் நேத்தே குடுத்துட்டேன். நீ குடுக்கலயா?” என்று என்னைப் பார்த்து நிஜமாகவே ஆச்சரியப்பட்டாள். “எல்லாருக்கும் தெரியுமே!”

அவள் எதையும் மறைக்கவில்லை. கெட்ட பெண்ணும் இல்லை. அவளுக்குத் தெரிந்த எல்லாருக்கும் தெரிந்திருந்தது, அவ்வளவுதான். அந்த ‘எல்லாரும்’ என்ற சொல்லுக்குள் எங்கள் தெரு இல்லை. அவள் வீட்டு நெல்லை அறுத்த தெரு, அவள் வீட்டு மனைகளில் சுவர் கட்டுகிற தெரு, கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில் இருக்கிற தெரு. இதை நான் அன்றைக்கு நினைக்கவில்லை. அன்றைக்கு நான் பாஸ்வேர்டை மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

எங்களை உள்ளே கூப்பிட்டு, லேப்டாப்பை எடுத்து வந்து, அவளே செய்து கொடுத்தாள். சம்மதம் என்று ஒரே ஓர் இடத்தில் அழுத்த வேண்டும். அதை அழுத்தாதவர்களின் பெயர், எத்தனை மார்க் இருந்தாலும், அடுத்த சுற்றுக்குப் போகாது. நான் பாஸ்வேர்டைச் சொன்னேன், அவள் தட்டினாள், பச்சையாக ஏதோ வந்தது. “முடிஞ்சிது” என்றாள். அப்பா அதுவரை உட்காரவில்லை. பெரியம்மா எப்போதோ சோபாவில் உட்கார்ந்துவிட்டிருந்தார். கிளம்பும்போது அவருக்கு ஒரு கேள்வி பாக்கி இருந்தது.

“ஒனக்கு இதெல்லாம் யார் பாப்பா சொன்னா?”

“எங்க மாமா சொன்னாரு ஆன்ட்டி. டாக்டரா இருக்காரு.”

பெரியம்மா அப்பாவைத் திரும்பிப் பார்த்தார். “பாத்தியா?” என்றார்.

ஆனால் சம்மதம் கொடுத்துவிட்டால் சீட்டு கிடைத்துவிட்டதாக ஆகாதே. லிஸ்ட் புதன்கிழமைதான் வரும். வேன் திங்கட்கிழமையே வரும். வேனில் ஒருமுறை இடத்தை விட்டால் அந்தக் காண்ட்ராக்டர் மறுபடி கூப்பிட மாட்டார். சீட்டும் வரவில்லையென்றால் நான் வீட்டில்தான். அடுத்து என்ன என்று எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். எனக்கு அத்தை மகன் ஒருவர் இருந்தார்.

திங்கட்கிழமை காலையில் தெருமுனையில் ஹாரன் கேட்டது. நான் புது சுடிதாரோடு, டிபன் டப்பாவோடு தயாராக நின்றேன். அப்பா என்னைப் பார்த்தார். எதிர்வீட்டு வாசலைப் பார்த்தார். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு அவரே வேனிடம் போய், “எம் பொண்ணு வராதுப்பா” என்றார். என் அப்பா வாழ்நாளில் எடுத்த பெரிய துணிச்சல் எது என்று கேட்டால் அதைத்தான் சொல்வேன். டிரைவர் எரிந்து விழுந்தார். அதற்குள் பெரியம்மா அங்கே நின்றார்.

“இன்னாவாம்? அப்ப அந்த எடம் காலிதான? வேற பொண்ணு வந்தா ஏத்திக்குவியா?”

கடைசி வீட்டுப் பெண்ணைக் கையோடு கூட்டிவந்து, அவளுக்கு என் டிபன் டப்பாவையே கொடுத்து ஏற்றிவிட்டார். பெரியம்மா கண் முன்னால் ஒரு சீட்டு வீணாகப் போகாது.

புதன்கிழமை என் பெயர் வந்தது. டவுனுக்கு அந்தப் பக்கம் ஒரு கல்லூரியில், கவர்ன்மெண்ட் கோட்டாவில். நிவேதாதான் பார்த்துவிட்டுச் சைக்கிளில் வந்து சொன்னாள். எங்கள் தெருவுக்குள் அவள் வந்தது அதுதான் முதல் தடவை. அப்பா அழுதார். அம்மா பெரியம்மாவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு நின்றார். நான் லட்டு வாங்கிக்கொண்டு எதிர்வீட்டுக்குப் போனேன். காலில் விழப் போனவளைத் தோளைப் பிடித்து நிறுத்திவிட்டு, “அத வுடுடி. இத முடிச்சா ஜெர்மனிக்கெல்லாம் போலாமாமே, இன்னாவாம்?” என்றார்.

கல்லூரிக்குப் போன பிறகுதான் அவரைப் பற்றி எனக்குத் தெரியாத ஒன்றை அம்மா சொன்னார். பெரியம்மாவின் மகளை எனக்குத் தெரியும். பாகூர்ப் பக்கம் கட்டிக்கொடுத்து, ஒரு ஜவுளிக்கடையில் நிற்பவர். அந்த அக்கா தெருவிலேயே முதலில் பன்னிரண்டாவது தேறியவராம். டீச்சர் ட்ரெயினிங்குக்குப் போட்டிருந்தார்களாம். தபால் வரும் என்று தாயும் மகளும் வீட்டிலேயே காத்திருந்தார்கள். தபால் வரவில்லை. பெயரை போர்டில் ஒட்டியிருந்தார்கள். போய்ப் பார்க்க வேண்டும் என்று இவர்களுக்குத் தெரியாது. ஒருநாள் தயங்கித் தயங்கி டவுனுக்குப் போனபோது, தேதி தாண்டிவிட்டிருந்தது. அங்கே இருந்தவர் திட்டக்கூட இல்லையாம். பரிதாபமாகப் பார்த்து, “கேட்டிருந்தா சொல்லியிருப்பமேம்மா” என்றாராம்.

அதற்கு முன்னால் பெரியம்மா நாலு பேர் நிற்கிற இடத்தில் வாயே திறக்க மாட்டார் என்று அம்மா சொன்னபோது நான் நம்பவில்லை. எனக்கு வேலை கிடைத்த அன்று அவரிடமே கேட்டேன். சொன்னார்.

“தேதி தாண்டறதுக்கு முன்னாடியே, ஒங்கம்மாவுக்குக்கூடத் தெரியாம, அந்த ஆபீசு வாசல்ல ரெண்டு தடவ போய் நின்னேன்டி. கேட்டா இன்னா நெனைப்பாங்களோன்னு கூச்சப்பட்டுத் திரும்பி வந்துட்டேன். கூச்சமெல்லாம் வசதி இருக்கறவங்களுக்கு. நமக்கு அது கட்டுப்படியாவாது.”

அவர் அழவில்லை. தெரு முழுக்கச் சிரிக்கச் சிரிக்க, அவர் எங்கள் எல்லோர் சார்பிலும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். சுரேஷுக்காக, எனக்காக, அந்தக் கடைசி வீட்டுப் பெண்ணுக்காக. எங்களுக்கெல்லாம் அவர்தான் அந்த மாமன்.

முட்டி தேய்ந்து வேலைக்குப் போக முடியாமல் ஆனதும் மகள் அவரைப் பாகூருக்குக் கூட்டிப் போய்விட்டார். அங்கேதான் போன வருஷம் இறந்துபோனார். நான் போயிருந்தேன். வந்தவர்கள் ஒவ்வொருவரும் செருப்பைக் கழற்றும்போதே, “இன்னாவாம்? எப்பிடியாம்?” என்று கேட்டுக்கொண்டுதான் உள்ளே வந்தார்கள். அந்த வீட்டில் அதைக் கேட்காதவர் அவர் ஒருவர்தான். அழுகைக்கு நடுவில் எனக்கு அது சட்டென்று உறைத்தது. அதற்குப் பிறகு அழுகையை நிறுத்த முடியவில்லை.

இப்போது நான் ஓர் ஆஸ்பத்திரியில் ஸ்டாஃப் நர்ஸ். போன மாதம் டியூட்டி மாறுகிற நேரத்தில் வார்டு வராந்தாவில் நின்று, கூட வேலை செய்கிற பெண்ணோடு பேசிக்கொண்டிருந்தேன். அவள் தங்கைக்கு சீட்டு பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். “லிஸ்ட்ல வரலக்கா. மாப்-அப் வெள்ளிக்கிழமதான் ஓப்பன் ஆகுது” என்றாள்.

எங்களுக்குப் பின்னால் ஒருவர் தரையைத் துடைத்துக்கொண்டு வந்தார். புதிதாகச் சேர்ந்தவர், பெயர்கூட எனக்குத் தெரியாது. மாப்பு எங்களைத் தாண்டிப் போயிருக்க வேண்டும். போகவில்லை. ஒரே டைல்ஸின் மேல் போய்ப் போய் வந்தது.

நான் குரலை உயர்த்தினேன். வெள்ளிக்கிழமை திறப்பார்கள், லிஸ்டில் பெயர் வராதவர்களும் கொடுக்கலாம், சம்மதம் என்று அழுத்தாவிட்டால் பெயர் போகாது என்று நிறுத்தி நிறுத்தித் தமிழில் சொன்னேன்.

“ஏன்க்கா கத்தறீங்க? நான் பக்கத்துலதான இருக்கேன்” என்றாள் அவள்.

மாப்பு நின்றுவிட்டது. ஆனால் அவர் கேட்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டு வாளியைக் கையில் எடுத்தார். அந்தக் கூச்சம் எனக்குத் தெரியும். ஒரு காலத்தில் பெரியம்மாவுக்கே இருந்த கூச்சம் அது.

“யக்கா” என்று கூப்பிட்டேன். “ஒங்க வூட்ல யாருனா பன்னண்டாவது முடிச்சிருக்காங்களா?”

வாளியைக் கீழே வைத்தார். ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டே ஓரடி முன்னால் வந்தார்.

“எம் பொண்ணு இருக்குதும்மா. இன்னாவாம்மா?”

ஸ்டூலை இழுத்துப் போட்டு அவரை உட்காரச் சொன்னேன். முதலில் இருந்து சொன்னேன்.